நெக்ஸ்ட் தீர்ப்பு: இனி அங்கே உடுப்பு வாங்குவதா, விடுவதா?

வெம்பிளி அம்மா:
2024 ஆகஸ்டில் பிரித்தானிய வேலைத் தீர்ப்பாயம் தந்த தீர்ப்பைப் பார்த்திருப்பீர்கள். நெக்ஸ்ட் என்ற உடுப்புக் கம்பனியின் கடைகளில் வேலை செய்கிற, முன்பு செய்த 3,500க்கும் மேற்பட்டவர்கள் ஆறு வருடமாக இழுபட்ட சம ஊதிய வழக்கில் வென்றுவிட்டார்கள். கடையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், வேர்ஹவுஸில், அதாவது சரக்குக் கிடங்கில், ஆண்கள் பாதிக்குச் சற்று மேல், ஆனால் கடையில் நிற்பவர்களுக்குத்தான் மணித்தியாலச் சம்பளம் குறைவு. சந்தையில் கடை வேலைக்குக் கொடுப்பது அவ்வளவுதான் என்று கம்பனி சொன்ன நியாயம் எடுபடவில்லை. என் பிள்ளைகளுக்குப் பாடசாலை உடுப்பு எப்போதும் அங்கேதான். இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று இருக்கிறது, ஆனால் நான் ஒருத்தி வாங்காமல் விட்டால் அந்தப் பெண்களுக்கு ஏதாவது கிடைக்குமா? விட்டால் வேறு எங்கே வாங்குவது?

குரொய்டன் ராசன்:
அக்கா, வேறு எங்கே என்பதுதான் சிக்கல். அஸ்டா, டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், மொரிசன்ஸ், கோ-ஒப் என்ற சூப்பர்மார்க்கெட்டுகள் எல்லாவற்றின் மீதும் இதே மாதிரி வழக்கு இருக்கிறது. அஸ்டாவில் கடைப் பெண்கள் தங்களை வேர்ஹவுஸ்காரரோடு ஒப்பிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னது, இன்னும் முடியவில்லை.

தீர்ப்பில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பெண்கள் என்பதற்காகக் குறைத்தார்கள் என்று தீர்ப்பாயம் சொல்லவில்லை. செலவைக் குறைத்து லாபத்தைக் கூட்டப் பார்த்தார்கள், அந்த அடி பெண்கள் மேல் விழுந்தது, அதை நியாயப்படுத்த அந்தக் காரணம் போதாது என்றுதான் சொன்னது. 2024 ஜனவரியோடு முடிந்த வருடத்தில் நெக்ஸ்டுக்கு 90 கோடி பவுண்களுக்கு மேல் லாபம், அப்படியிருந்தும் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னார்கள். கணக்குப் பார்த்துச் செய்ததென்றால் நம்முடைய கோபமும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். மேல்முறையீட்டைக் கைவிடச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கவுண்டர்காரி:
நான் வேறொரு உடுப்புக் கடையில் வேலை செய்கிறேன், பெயர் வேண்டாம். வியாபாரம் குறைந்தால் முதலில் வெட்டுவது எங்கள் மணித்தியாலங்களைத்தான். என் ஒப்பந்தத்தில் கிழமைக்கு 12 மணித்தியாலம், மிச்சம் மனேஜர் தந்தால்தான் உண்டு. கடை வேலை லேசு என்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து நின்று பார்க்கட்டும். லொறி வந்தால் பெட்டி தூக்குவது நாங்கள், திருட வருபவனுக்கு முன்னால் நிற்பதும் நாங்கள், ரசீது இல்லாமல் வந்து கத்துகிற ஆளைச் சமாளிப்பதும் நாங்கள்தான். அதனால் அக்கா, சத்தமில்லாமல் வராமல் விட்டால் ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது, எங்கள் ஷிப்ட்தான் போகும். கடைப் பிள்ளையிடம் கோபிக்காமல் மேலிடத்தில் கேளுங்கள்.

லெஸ்டர் வாசி:
தங்கச்சி சொல்வது விளங்குகிறது, ஆனாலும் நான் நிறுத்திவிட்டேன். வெறும் கடிதத்துக்கு அச்சடித்த பதில்தான் வரும். அங்கே இருந்த கணக்கை மூடும்போது காரணத்தையும் எழுதினேன், காசும் போய்க் காரணமும் தெரிந்தால்தான் யோசிப்பார்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கடைக்குப் போகாமல் அதே கம்பனியில் ஆன்லைனில் வாங்காதீர்கள். காசு அவர்களுக்குத்தான் போகும், நட்டம் மட்டும் கடையில் நிற்பவர்களுக்கு.

வெம்பிளி அம்மா:
கவுண்டர்காரி எழுதியதைப் படித்த பிறகு சும்மா விட்டுவிட மனம் வரவில்லை. எழுதத்தான் போகிறேன், என்ன கேட்பது?

குரொய்டன் ராசன்:
250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பனிகள் ஆண், பெண் சம்பள இடைவெளியை வருடா வருடம் வெளியிட வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் வருவது முழுக் கம்பனிக்குமான சராசரி, கடைக்கும் வேர்ஹவுஸுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது. அதனால் நேரடியாகக் கேளுங்கள்: கடையில் மணித்தியாலத்துக்கு எவ்வளவு, வேர்ஹவுஸில் எவ்வளவு, எந்தத் திகதியிலிருந்து சமமாக்குவீர்கள். நீங்கள் எழுதியதை இங்கே போடுங்கள், நாங்களும் அதையே எங்கள் பெயரில் அனுப்புகிறோம்.