உச்சிக்கு அருகில் எடுத்த வீடியோ திறக்கவில்லை, பேச்சுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது

மலைக்கிராமப் பள்ளி ஒன்றுக்கு நிதி திரட்ட, நேபாளத்தின் ஐலண்ட் பீக் (6,189 மீட்டர்) ஏறிய கதையைப் பேசப்போகிறேன். எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி 1961இல் கும்ஜுங் கிராமத்தில் கட்டிய பள்ளியைப் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் புகைப்படம் போதும். பனி மூடிய கடைசி ஏற்றத்தில் கயிறு பிடித்து ஏறும் வீடியோதான் பேச்சின் உயிர். அதுதான் திறக்கவில்லை.

விடியற்காலைக் குளிரில், பேட்டரி 60 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தபோதே கேமரா பொட்டென்று அணைந்துவிட்டது. உதிரி பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைக்காமல் பையில் வைத்தது என் தப்பு. அதற்கான திட்டை வாங்கியாயிற்று. பதிவு முறையாக முடியாததால் எம்பி4 கோப்பின் கடைசியில் எழுதப்படும் ‘மூவ்’ அட்டவணை (எந்த ஃபிரேம் கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்வது) இல்லை.

ஆக்‌ஷன் கேமரா, 4கே, நொடிக்கு 60 ஃபிரேம், ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் முறை), 3.2 ஜிபி. இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. கார்டில் அப்புறம் எதையும் எழுதவில்லை, நகலில்தான் வேலை செய்கிறேன்.

விஎல்சி, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க் என்ற வீடியோ மீட்புக் கருவியை ஓட்டினேன். முதல் 40 நொடி அருமை, கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் முள்சட்டம்) பனியில் குத்தும் சத்தம்கூடக் கேட்கிறது. அதன்பின் வெறும் பச்சைக் கட்டங்கள், ஒலியும் துண்டு துண்டாக.

இப்படிப் பாதியில் நின்ற ஹெச்இவிசி கோப்பை முழுதாக மீட்டவர்கள், எந்தக் கருவியில், என்ன செட்டிங்கில் செய்தீர்கள்?