29ஆம் வாரத்தில் டிரைசோமி 18: பிரசவத்துக்கு முன்பே குழந்தையின் பராமரிப்புத் திட்டத்தை எழுதி வைப்பது எப்படி?

பீனிக்ஸ்_தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில் இருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு இது 29ஆம் வாரம். முன்பு எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருப்பதும், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரு கைகளும் மூடியே இருப்பதும் தெரிந்ததால், எங்களை இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பனிக்குட நீரை எடுத்துச் சோதித்து, டிரைசோமி 18, அதாவது பதினெட்டாவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் குறைபாடு என்று உறுதி செய்தார்கள். கர்ப்பத்தை நிறுத்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். நாங்கள் இருவரும் பலமுறை பேசி, தொடர்வது என்று முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவை இங்கே விவாதிக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த முறை வரும்போது, குழந்தை பிறந்ததும் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன வேண்டாம் என்று யோசித்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எங்களுக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. வென்டிலேட்டர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால், பெற்ற பிள்ளையை நாங்களே கைவிட்டதாக ஆகிவிடாதா? பெயர் வைக்காதே, துணிமணி வாங்காதே, பாசம் கூடினால் உன் மனைவியால் எழுந்திருக்க முடியாது என்கிறார் என் அம்மா. கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்றும் வீட்டில் பேச்சு. ஐந்து வயது மகளுக்கு என்ன சொல்வது என்பதும் தெரியவில்லை. இந்த வழியில் போனவர்களோ, மருத்துவம் அறிந்தவர்களோ இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற_நர்ஸ் எழுதியது:

தம்பி, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். பிறந்த குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதற்கு மேலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கிரகணத்தைப் பற்றி. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது பதினெட்டாவது குரோமோசோம் சரியாகப் பிரியாமல் ஒன்று கூடுதலாக வந்துவிடுகிறது. கருத்தரிக்கும் முன்பே நடந்து முடிந்த காரியம் அது. உங்கள் மனைவி எங்கே போனார், எதைச் சாப்பிட்டார் என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை உங்கள் அம்மாவிடம் டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள். இந்தப் பழியோடு ஒரு பெண் பிரசவ அறைக்குள் போகக் கூடாது.

அடுத்து, உங்களை உறுத்தும் கேள்வி. டிரைசோமி 18 உள்ள குழந்தைகளில் பல வயிற்றிலேயே இறந்துவிடுகின்றன. உயிரோடு பிறப்பவற்றில் ஏறக்குறையப் பாதி முதல் ஓரிரு வாரங்களைத் தாண்டுவதில்லை. பத்தில் ஒன்று போலத்தான் முதல் பிறந்தநாளைக் காண்கிறது. மூச்சு திடீர் திடீரென்று நின்றுபோவதும், இதயம் தளர்வதுமே பெரும்பாலும் காரணம். வென்டிலேட்டர் மூச்சைத் தள்ளிக்கொடுக்குமே தவிர, நோயை மாற்றாது. பலன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதைச் சட்டமும் மருத்துவ நெறியும் இந்த நாட்டில் ஏற்கின்றன. அது உயிரைப் போக்குவது ஆகாது. உயிரைப் போக்குவதற்கு இங்கே அனுமதியும் கிடையாது. வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதும் அதே தாளில், என் குழந்தைக்கு வலி தெரியக் கூடாது, குளிரக் கூடாது, பசிக்கக் கூடாது, ஒரு நிமிடம்கூடத் தனியாகக் கிடக்கக் கூடாது என்று எழுதப்போகிறீர்கள் அல்லவா? அந்தத் தாளில் பெரும்பகுதி செய்ய வேண்டியவைதான். அப்படி எழுதுகிறவரைக் கைவிட்டவர் என்று யார் சொல்ல முடியும்?

அவற்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டாக்டர்கள் அவசரத்தில் இதைச் சுருக்கிவிடுவார்கள். தொப்புள்கொடியை வெட்டியதும் குழந்தையை மேசைக்குக் கொண்டுபோகாமல், துடைத்துவிட்டு நேராக அம்மாவின் மார்பில் வைக்கச் சொல்லுங்கள். தலையில் தொப்பி, முதுகின்மேல் போர்வை, தோலோடு தோல். குறைமாதக் குழந்தைகளுக்காக நம் மருத்துவமனைகளில் நடக்கும் கங்காரு முறையேதான் இது. எல்லா நர்ஸ்களுக்கும் தெரியும். வாய் வறண்டால் சீம்பாலை விரலில் தொட்டு உதட்டில் தடவலாம். இந்தக் குழந்தைகளுக்கு உறிஞ்சும் பலம் குறைவாக இருக்கும். பசித்து அழுதால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டுப் பால் கொடுக்க வேண்டுமா என்பதை இப்போதே பேசிவையுங்கள். மூச்சுத் திணறினால் கன்னத்தின் உட்புறம் மார்பின் (morphine) என்ற வலிநிவாரணி மருந்தைச் சில துளி விடுவார்கள். மார்பின் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எடை பார்த்து, அளந்து கொடுத்தால் திணறலைத் தணிக்கும். உயிரைக் குறைப்பதற்காகக் கொடுப்பதல்ல. யார் அதைக் கொடுப்பார்கள், இரவில் மருந்து அறையைத் திறந்து தர ஆள் இருப்பாரா என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தத் திட்டமும் சறுக்குவது இந்த மாதிரி சின்ன இடத்தில்தான்.

கடைசி நேரத்தில் மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வரும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு முறை இழுக்கும், உதடும் நகமும் நீலமாகும். அந்த நிலையில் குழந்தைக்கு நினைவு இருப்பதில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்ட பெற்றோர் குழந்தையைக் கையிலேயே வைத்திருப்பார்கள். தெரியாதவர்கள் பதறி, காப்பாற்றுங்கள் என்று கத்துவார்கள், உடனே அறைக்குள் ஆட்கள் ஓடிவருவார்கள். அப்புறம் யாருக்கும் குழந்தை முகம் தெரியாது.

இன்னொன்று, இதைப் பலர் கேட்பதே இல்லை. பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத் துடிப்பை மானிட்டரில் தொடர்ந்து பார்த்தால், துடிப்பு இறங்கியவுடன் அவசர சிசேரியன் செய்யலாமா என்ற கேள்வி எழும். குழந்தையின் ஆயுளைக் கூட்டாத ஓர் அறுவையை உங்கள் மனைவியின் உடம்பு தாங்க வேண்டியிருக்கும். அடுத்த கர்ப்பத்திலும் அந்தத் தழும்பு ஒரு கவலைதான். ஆனால் சில தாய்மார்கள் குழந்தையை உயிரோடு ஒரு முறை பார்த்தால் போதும் என்று அதையும் ஏற்கிறார்கள். இரண்டும் சரியான பதில்களே. ஆனால் வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல இது.

திட்டத்துக்கு இரு பக்கம் வேண்டும். குழந்தை எதிர்பார்த்ததைவிட நன்றாக மூச்சு விட்டால், பால் குடித்தால், வீட்டுக்குப் போகலாமா, வீட்டில் யார் வந்து பார்ப்பார்கள், இதயத்தைப் பற்றி அப்போது மறுபடி பேசலாமா என்பதும் அதில் இருக்கட்டும். சில குழந்தைகள் மாதக்கணக்கில் இருந்திருக்கின்றன. 2017–2022 காலத்துக்கு அரசு வெளியிட்ட தேசியத் தணிப்புச் சிகிச்சைக் கொள்கை (வேதனையைக் குறைத்துப் பராமரிக்கும் சிகிச்சை பற்றியது) குழந்தைகளையும் உள்ளடக்கியிருந்தது. ஆகவே இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. டர்பனிலேயே உம்டுடுசி என்ற குழந்தைகள் ஹாஸ்பிஸ் அமைப்பு, அதாவது இத்தகைய பராமரிப்பைத் தரும் அமைப்பு, இருக்கிறது. அவர்களிடம் உங்களை அனுப்பும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்_அம்மா எழுதியது:

தம்பி, எங்கள் மகளுக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவே இல்லை. பனிக்குட நீர் இல்லாததால் நுரையீரல் வளரவில்லை. பிறந்த அன்று மாலைவரை இருந்தாள்.

உங்கள் அம்மா சொல்வதை நான் குறையாக நினைக்கவில்லை. எங்கள் ஆயாவும் (வீட்டுப் பாட்டியும்) அதையேதான் சொன்னார். அந்தக் காலத்தில் இப்படித்தான் மனதைக் காத்துக்கொண்டார்கள். ஆனால் என் அனுபவத்தில் பாசம் பெயரால் கூடவில்லை, அது முன்பே இருந்தது. பெயர் இருந்ததால் நர்ஸ்கள் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். இன்றைக்கும் நான் அவளைப் பற்றிப் பேச அந்தப் பெயர்தான் இருக்கிறது.

ஆயாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். எங்கள் ஆயா வேண்டா வெறுப்பாகத்தான் மருத்துவமனைக்கு வந்தார். குழந்தையைக் கையில் வாங்கியதும், கைப்பையிலிருந்து மைச்சிமிழை எடுத்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார். பக்கத்தில் நின்ற ஜூலு நர்ஸ் அது என்னவென்று கேட்டார். ஆயா தமக்குத் தெரிந்த ஜூலுவில் விளக்கிச் சொன்னார். கால்தடம் எடுக்க மைப்பலகை கொண்டுவந்தபோது, விரல்கள் விரியும்படி அந்தப் பாதத்தைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். தாள் வழுக்கி முதல் தடம் கலைந்துவிட்டது, இரண்டாவதுதான் சரியாக விழுந்தது, இரண்டையும் வைத்திருக்கிறேன். படம் எடுக்க ஒருவரை முன்பே நியமித்துவிடுங்கள். நீங்களே எடுக்கலாம் என்று இருந்துவிட்டால் நீங்கள் எந்தப் படத்திலும் இருக்க மாட்டீர்கள்.

மகளிடம் பாப்பா தூங்குகிறது என்றோ, சாமி கூட்டிக்கொண்டது என்றோ சொல்லாதீர்கள். என் மகன் சில நாள் தூங்கப் பயந்தான். பாப்பாவின் உடம்பு சரியாக உருவாகவில்லை, டாக்டரால் சரிசெய்ய முடியாது, யார் செய்த தப்பும் இல்லை என்று இப்போதிலிருந்தே சொல்லி வாருங்கள். வயிற்றைத் தொட்டுப் பேசவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும். எனக்கு யாரும் சொல்லவில்லை. இறுதிக் காரியம் முடிந்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது என் சட்டை நனைந்தது. அதைப் போன்ற வேதனை வேறில்லை. பாலை நிறுத்த மாத்திரை இருக்கிறதாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். விரும்பினால் குறைமாதக் குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாம். டர்பனிலேயே வங்கி உண்டு. எது வேண்டும் என்று அவரே முடிவு செய்யட்டும்.

இசிப்பிங்கோ_அடியவன் எழுதியது:

ஐயா, சடங்கைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கோவில் பணியில் இருப்பதால் சொல்கிறேன். கைக்குழந்தையைத் தகனம் செய்யாமல் அடக்கம் செய்வதே நம்மவரிடையே பெரும்பாலும் வழக்கம். பெரியவர்களுக்குச் செய்வதுபோல நீண்ட கருமாதிக் கிரியைகள் குழந்தைக்குத் தேவையில்லை. திருநீறு இட்டு, பதிகம் பாடி, பால் தெளித்து, பெற்றோர் கையாலேயே மண்ணில் வைக்கலாம். பெயர் சூட்ட நாள் பார்க்க வேண்டுமே என்று காத்திருக்காதீர்கள். பிறந்த அறையிலேயே காதில் மூன்று முறை பெயரைச் சொன்னால் போதும். வயிற்றில் இருக்கும்போதே சொன்னாலும் குற்றமில்லை. உங்கள் கோவில் ஐயரிடமோ ஓதுவாரிடமோ இப்போதே பேசிவிடுங்கள். நள்ளிரவில் அழைத்தாலும் வரக்கூடியவர் யார் என்பது உங்கள் தாளில் எழுத வேண்டிய பெயர்களில் ஒன்று. தீட்டு என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கத் தயங்குகிறவர்கள் இருந்தால் அவர்களை வற்புறுத்த வேண்டாம். அதே சமயம் உங்களைத் தடுக்கவும் விடாதீர்கள்.

பீனிக்ஸ்_தந்தை எழுதியது:

அம்மா, அக்கா, ஐயா, மூவருக்கும் நன்றி. என் மனைவியிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மானிட்டரைப் பற்றிய பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டாம், தன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சிசேரியன் என்று அவரே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு மற்ற வரிகள் தாமாக வந்தன. குழாய் வழியாகப் பால் கொடுப்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவு வரவில்லை, டாக்டரிடம் கேட்போம்.

இரண்டு சந்தேகங்கள். இரவில் வலி வந்து, பெரிய மருத்துவமனைக்குப் போக முடியாமல் பக்கத்து மருத்துவமனைக்கே போக நேர்ந்தால், அங்கே இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் எப்படித் தெரியும்? இரண்டாவது, பதிவும் விடுப்பும். என் மனைவி ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார்; குழந்தை தங்காவிட்டால் மகப்பேறு விடுப்பு கிடையாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற_நர்ஸ் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. டிரைசோமி 18இல் பனிக்குட நீர் அதிகமாகி, மாதம் நிறையும் முன்பே வலி எடுப்பது உண்டு. எனவே 36ஆம் வாரம்வரை காத்திருக்காமல் இந்த மாதமே திட்டத்தில் டாக்டரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். உங்கள் மனைவி கையோடு வைத்திருக்கும் மகப்பேறு பதிவேட்டின் முதல் பக்கத்தில், திறந்தவுடன் கண்ணில் படும்படி அதைப் பிணைத்துவிடுங்கள். பக்கத்து மருத்துவமனையின் பிரசவ வார்டு பொறுப்பு நர்ஸை முன்கூட்டியே பார்த்து ஒரு பிரதி கொடுங்கள். மார்பின் அங்கே இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். ஆம்புலன்ஸில் போக நேரிட்டால் காட்டுவதற்கு இன்னொரு பிரதி உங்கள் கைப்பையில் இருக்கட்டும். திட்டம் ஆங்கிலத்தில், தெளிவான எழுத்தில், ஒரே பக்கத்தில் இருந்தால்தான் இரவுப் பணியில் இருப்பவர் படிப்பார். நீங்கள் நினைத்தால் எந்த நேரமும், பிரசவ அறையிலேயேகூட, அதை மாற்றலாம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

குழந்தை ஒரு நிமிடம் மூச்சு விட்டாலும் அது உயிருள்ள பிறப்பு. பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் அறிவிக்க வேண்டும். பிறப்புப் பதிவுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பெயரோடு சான்றிதழ் கிடைக்கும். மூச்சில்லாமல் பிறந்தால், 26 வாரம் கடந்துவிட்டதால் உள்துறை அலுவலகத்தில் இறந்து பிறந்த குழந்தையாகப் பதிவாகும். எதுவானாலும் டிஹெச்ஏ-1663 என்ற படிவத்தை டாக்டர் நிரப்பித் தர வேண்டும். அடக்க உத்தரவு இல்லாமல் புதைக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை பிரசவம் என்றால் இதில் இழுபறி ஆகும், ஆதலால் இறுதிச் சடங்கு நடத்துபவர் ஒருவரை முன்பே பேசிவைத்துவிடுங்கள். அலைச்சலை அவர் பார்த்துக்கொள்வார்.

விடுப்பு விஷயத்தில் கடையில் சொன்னது தவறு. வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கடைசி மூன்று மாதத்தில் கருச்சிதைவானாலும், குழந்தை இறந்து பிறந்தாலும், அதன் பிறகு ஆறு வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. உயிரோடு பிறந்தால் வழக்கமான விடுப்பு விதிகளே பொருந்தும். வேலையில்லாக் காப்பீட்டு நிதிக்குப் பணம் பிடித்திருந்தால், மகப்பேறு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். முதலாளியிடம் அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் மனைவி எழுத வேண்டாம், நீங்களே எழுதிக் கொடுங்கள்.