பல் கறை எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்களேன்

வணக்கம், நாங்கள் தக்கலைப் பக்கம். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். முன்பற்களில் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் கறை. சிரித்தாலே கை தானாக வாய்க்குப் போகிறது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சையும் உப்பும் பத்து நாள் தேய்த்திருக்கிறாள். இப்போது பச்சைத்தண்ணீர் பட்டாலே கூசுகிறது. புளிப்பு எனாமலை அரிக்கும், போன எனாமல் திரும்ப வளராது என்றார் பல் டாக்டர். முதலில் கிளீனிங், கூச்சம் அடங்கியதும் அளவெடுத்து பல்லில் மாட்டுகிற டிரே செய்து, அதில் பல்லை வெளுக்க வைக்கும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இரவில் இரண்டு வாரம் வைக்கலாமாம். சரி, ஆனால் ஒரு முன்பல்லில் கேப் (பல்லுக்கு மேல் மாட்டிய செயற்கை உறை) இருக்கிறது, அது வெளுக்காது. அது மட்டும் தனியாகத் தெரியுமே?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? கூச்சம் எத்தனை நாள் இருந்தது? கேப்பை அப்புறம் மாற்றினீர்களா? செலவு எவ்வளவு ஆனது?