தூத்துக்குடியில் கப்பல், ஒரே பகல்: பெரியப்பாவை நெல்லைக்குக் கூட்டி வந்து திருப்பி ஏற்ற முடியுமா?

பாளை வாசி:
பெரியப்பாவுக்கு 76 வயது, பெர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறார். சிங்கப்பூரில் சுற்றுலாக் கப்பல் ஏறி, புக்கெட் வழியாக ஜனவரி கடைசியில் வருகிறார். காலை 7 மணிக்குத் தூத்துக்குடி புதுத் துறைமுகம், மாலை 4.30க்குள் திரும்ப ஏற வேண்டும். அவர் போட்ட பட்டியல்: தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறைக் குளியல், நெல்லையப்பர் தரிசனம், எங்கள் வீட்டில் சொதிச் சாப்பாடு, இருட்டுக்கடை வாசலில் நின்று சூடாக அல்வா. கப்பல்காரர்களின் பஸ் வேண்டாமாம். "என் ஊரை எனக்கு எவனோ மைக்கில் சொல்லணுமாக்கும்?" கார் நான்தான் ஓட்டுவேன். நடக்குமா?

வாடகை வண்டி:
அண்ணாச்சி, 7 மணி என்பது கப்பல் கட்டுகிற நேரம். பாஸ்போர்ட், விசா எல்லாம் பார்த்து ஆள் வெளியே வர எட்டரை ஆகும். உங்கள் கார் உள்ளே போகாது, துறைமுக வாசலில் நில்லுங்கள். அப்புறம், அந்த 4.30 எந்த ஊர் மணி? புக்கெட் நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். கப்பல் கடிகாரமும் அவர் வாட்சும் ஒன்றுதானா என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கப்பல்காரர்களின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்கு நிற்காது. ஒரு தடவை வல்லநாடு தாண்டி எனக்கு டயர் பஞ்சர். பின் சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, ஸ்டெப்னி மாட்டி முடிக்கும் வரை வாட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழு நிமிஷம் மிச்சத்தில் கொண்டு சேர்த்தேன். நெல்லையிலிருந்து 2 மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

டவுண் ஆச்சி:
தம்பி, முதலில் கோயில். மதியம் நடை சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இருட்டுக்கடையும் சாயங்காலம்தான், அப்போது பெரியப்பா கப்பலில் இருப்பார். முந்தின நாளே வாங்கி வை, கெடாது. இட்லிக் கொப்பரை ஆவியில் கிண்ணத்தோடு ஐந்து நிமிஷம் வைத்தால் நெய் மினுமினுவென்று மேலே வரும். அப்படியே வாழையிலைத் துண்டில் போட்டுக் கொடு. சொதிக்கு இஞ்சிப் பச்சடி மறந்துவிடாதே. குளியல் மட்டும் வேண்டாம், படியெல்லாம் பாசி. இந்த வயதில் விழுந்தால் கப்பலாவது ஒன்றாவது.

முத்துநகர்:
எதற்கு இவ்வளவு ஓட்டம்? ஸ்ரீவைகுண்டம் போங்கள். கள்ளபிரான் கோயில், அணைக்கட்டு, அதே தாமிரபரணி. பக்கத்தில் ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழியை மூடாமல் மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், முதுமக்கள் தாழியை இருந்த இடத்திலேயே பார்க்கலாம். திரும்பும்போது மக்ரூன் வாங்கலாம்.

பாளை வாசி:
எல்லோருக்கும் நன்றி. மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு, எங்கள் வீட்டில் சைவம். ஸ்ரீவைகுண்டம் பற்றிப் போனில் சொன்னேன். "தாழிக்குள்ள போறதுக்கு இன்னும் நாள் கிடக்கு"ன்னுட்டார். ஆவி அல்வாவுக்குச் சம்மதம். குளியலுக்குப் பதில், ஆற்றுத் தண்ணீர் ஒரு கேன் பிடித்துக் கப்பலுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம்.

வாடகை வண்டி:
துறைமுக வாசல் சோதனையிலேயே கேனை வாங்கி வைத்துவிடுவார்கள் அண்ணாச்சி. சாப்பாட்டுக்கு முன்னால் உங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார வைத்துத் தலையில் ஊற்றிவிடுங்கள்.