மோகினி என்று பேர் வைத்த பிறகுதான் அந்த நீலக் குறியைப் பார்த்தேன்

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலேஜ் இரண்டாம் வருஷம், போனில் எமுலேட்டர் (பழைய கேம்களை ஓட்டும் ஆப்) போட்டு போகிமான் எமரால்டு ஆடிக்கொண்டிருந்தேன், போகிமான் என்ற பிராணிகளைப் பிடித்து வளர்க்கிற கேம் அது, லெவல் ஏற ஏறச் சிலது வேறு உருவமாக மாறும். ரூட் 102 என்ற பாதையின் புல்லில் ரால்ட்ஸ் என்ற போகிமான் நூற்றுக்கு நாலு தடவைதான் தலைகாட்டும், பஸ்ஸில் போகிற வருகிற நேரமெல்லாம் அந்தப் புல்லையே மிதித்து ஒருவழியாகப் பிடித்தேன். 20வது லெவலில் அது கிர்லியா ஆனது, குட்டைப் பாவாடை. 30ல் கார்டெவாய், தரையைத் தொடுகிற வெள்ளை கவுன், பச்சை முடி, ஒடிந்துவிடும்போல் இடுப்பு. உடனே ஸ்லேட்போர்ட் ஊரில் பேர் மாற்றித் தருபவரிடம் போய் மோகினி என்று வைத்துவிட்டேன். ஆட்டத்தின் கடைசி எதிரிகளான எலீட் ஃபோர் வாசல்வரை போன பிறகு ஒருநாள் பேருக்குப் பக்கத்தில் பார்க்கிறேன், வட்டமும் அம்பும், நீல நிறத்தில். ஆண்! கார்டெவாயில் பாதிக்குப் பாதி ஆண் என்பதே அதுவரை தெரியாது. இத்தனை நாள் 'அவள் அடிச்சா ஒரே அடி' என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து 'அது' என்று நைசாக மாறிக்கொண்டேன், தமிழில் அந்த வசதி இருக்கிறதே. பேரை மாற்றவில்லை. மோகினியே விஷ்ணு போட்ட வேஷம்தானே, தெரியாமல் வைத்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் போகிமான் டைமண்ட் ஆடும்போதுதான் கல்லேட்டைப் பார்த்தேன். ஆண் கிர்லியாவுக்கு மட்டும் டான் ஸ்டோன் என்ற கல்லைக் கொடுத்தால் முழங்கையில் வாளோடு ஒரு போர்வீரன். கவுன் போட்ட ஆணைப் பார்த்துக் கூச்சப்பட்டவர்களுக்காகவே 2006ல் வரைந்து கொடுத்த மாதிரி எனக்குப் பட்டது. சரி, ஆணுக்கு இரண்டு வழி வந்தது. வாள் பிடிக்க ஆசைப்படும் பெண் கிர்லியாவுக்கு?

*

உங்களுக்கு உருவம் ஏமாற்றியது, எனக்கு எண்ணே ஏமாற்றியது. போகிமான் கோல்டு ஆட்டத்தில் என் தம்பியிடம் ஆண் டோட்டோடைல் (முதலைக்குட்டி மாதிரி ஒரு போகிமான்), என்னிடம் முட்டையில் பொரித்த பெண். ஒரே லெவல், ஆனால் அவனுடையது பலமாகக் கடிக்கும். 'பொண்ணுன்னா அப்படித்தான்' என்பான், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல வருஷம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. 1999ல் வந்த அந்த ஆட்டத்தில் தாக்கும் பலத்துக்கு 0 முதல் 15 வரை ஒரு மறைவான எண் உண்டு. ஆணா பெண்ணா என்பதையும் அதே எண்ணை வைத்தே முடிவு செய்துவிட்டார்கள்! சரிபாதி இனங்களில் 7 வரை பெண், 8லிருந்து ஆண். டோட்டோடைல் மாதிரி எட்டில் ஏழு ஆணாக வரும் இனத்தில் 0 அல்லது 1 வந்தால்தான் பெண். ஆக, தம்பி சொன்னது அந்த ஆட்டத்துக்குள் உண்மையாகவே இருந்திருக்கிறது, அதுதான் இன்னும் கடுப்பு. 2002ல் ரூபி, சஃபையர் ஆட்டங்களில் திருத்திவிட்டார்கள்.

உருவத்தில் வேறுபாடு காட்ட ஆரம்பித்த பிறகும் பாருங்கள், பெண் பிகாச்சு என்றால் வால் நுனியில் இதய வடிவம், பெண் ஹெராக்ராஸுக்குக் கொம்பில் இதயம், பெண் வாபஃபெட்டுக்கு லிப்ஸ்டிக். அந்த நீல மூட்டைக்கு எதற்கய்யா லிப்ஸ்டிக்! ஹிப்போடான் மட்டும் எனக்குப் பிடிக்கும். ஆண் பழுப்பு, பெண் கருஞ்சாம்பல், அவ்வளவுதான், யாருக்கும் பொட்டு வைத்து அனுப்பவில்லை.

*

மார்த்தாண்டத்துக்காரன் நான், வீட்டில் தேன் பெட்டி உண்டு, அதனால் காம்பீ என்ற தேனீப் போகிமான் பற்றி நான்தான் பேசவேண்டும். எட்டில் ஒன்றுதான் பெண், அதற்கு மட்டும் நெற்றியில் சிவப்பு முக்கோணம், அது மட்டும் 21வது லெவலில் ராணித் தேனீயான வெஸ்பிக்வீன் ஆகும். ஆணை 100 வரை ஏற்றினாலும் காம்பீதான். டைமண்டில் மரத்தில் தேன் தடவிவிட்டு ஆறு மணி நேரம் காத்திருந்து வந்து பார்த்தால் மறுபடியும் ஆண். என் அப்பா எட்டிப்பார்த்து 'தேன் எடுக்குற தேனீ ஆணா? எவன்டா சொன்னது' என்றார். நிஜப் பெட்டியில் பூவுக்குப் போகிற, அடை கட்டுகிற, கொட்டுகிற அத்தனையும் பெண். ஆண் ஈ பெருத்த கண்ணோடு உட்கார்ந்து தின்னும், கொடுக்குகூடக் கிடையாது, தேன் வரத்து குறைந்தால் வேலைக்காரிகளே வெளியே தள்ளிவிடுவார்கள். ராணி ஒன்று என்பதைச் சரியாகப் பிடித்தவர்கள் மீதியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள்.

*

நான் சலாண்டிட் என்ற பல்லிப் போகிமான் கோஷ்டி. போகிமான் சன் ஆட்டத்தில் அதன் வளர்ந்த உருவமான சலாஸில், டோட்டம் என்ற பெரிய எதிரியாக வந்து என் ஆட்களை வரிசையாகச் சாய்த்ததும், எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஒரு சலாண்டிட்டைப் பிடித்து வளர்த்தேன். 33ல் மாறவேண்டியது 41 ஆகியும் மாறவில்லை, ஆட்டத்தில் பிழை என்றே நினைத்தேன். அதிலும் பெண் மட்டும்தான் மாறுமாம். ஆண்கள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார்களாம். குறைந்தபட்சம் பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு புள்ளியாவது வைத்திருக்கலாம் ப்ரோ.

*

இதையெல்லாம் மிஞ்சியது அசுரில் என்ற போகிமான். வளர்த்தது பெண், அது 'மாரில்' என்ற அடுத்த உருவம் ஆனதும் ஆண். கண் கோளாறு இல்லை, சேவ் கோப்பை மறுபடி ஏற்றியும் பார்த்தேன். அசுரிலில் நாலில் மூன்று பெண், மாரிலில் பாதிக்குப் பாதி. மூன்றாம் தலைமுறை ஆட்டங்களான ரூபி, சஃபையரிலிருந்து பாலினத்தைத் தனியாகக் குறித்துவைக்காமல் ஒரே மறைவு எண்ணை இனத்தின் எல்லையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். எண் 191க்குக் கீழே என்றால் அசுரிலில் பெண், மாரிலில் பெண்ணாக இருக்க 127க்குக் கீழே வேண்டும். இடையில் மாட்டிக்கொண்ட பெண்கள், மூன்றில் ஒன்று, மாறிவிடும். 2013ல் எக்ஸ், ஒய் ஆட்டங்கள் வந்தபோது நிறுத்திவிட்டார்கள். எனக்கென்னவோ விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

*

மோகினிக்காரன்தான் மறுபடி. அசுரில் கதையைப் படித்ததும் பழைய போனைத் தேடி எடுத்து எமரால்டில் ஒன்று பொரித்திருக்கிறேன், பெண். பாசம் கூடினால்தான் மாறும் என்பதால் சைக்கிளில் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை பேர் வைக்கவில்லை.