பரேடு என்று வரும் இடமெல்லாம் அணிவகுப்பு என்று எழுதலாமா?

கேள்வி: கொங்கு வாசகன்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் தரைப்படையில் பணியாற்றிய ஒருவரின் நினைவுக் குறிப்புகளைத் தமிழாக்கம் செய்து வருகிறேன். பரேடு என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அணிவகுப்பு என்று எழுதிவிட்டால் போதும் என்றுதான் தொடக்கத்தில் எண்ணியிருந்தேன். சில அத்தியாயங்களுக்குள்ளேயே அது நடவாது என்று தெரிந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்த அவர் காலையில் எழுந்து ‘சிக் பரேடு’க்குச் சென்றதாக ஓரிடத்தில் எழுதுகிறார். வேறோர் இடத்தில், அவருடைய தாயார் ‘பரேடில்’ இருந்த கடைகளில் ரொட்டியும் இறைச்சியும் வாங்கி வருகிறார். முகாமில் நடந்த ஒரு திருட்டின் தொடர்பாக ‘ஐடென்டிட்டி பரேடு’ நடக்கிறது. படைப்பிரிவிலிருந்த படித்த இளைஞன் ஒருவன் தன் லத்தீன் அறிவை ‘பரேடு’ ஆக்கிக்கொண்டிருந்தான் என்றும் ஒரு வாக்கியம் வருகிறது.

இவை அனைத்தும் ஒரே சொல்லின் கிளைகளா, அல்லது ஒலி மட்டும் ஒன்றாயுள்ள வெவ்வேறு சொற்களா? அணிவகுப்பு என்று எங்கே துணிந்து எழுதலாம், எங்கே எழுதக்கூடாது என்பதை, இச்சொல்லோடு தொழில்வழிப் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற சுபேதார்

படையில் பல்லாண்டு இருந்தவன் என்ற முறையில் முதல் வாக்கியத்தைப் பற்றிச் சொல்கிறேன். பொதுமக்களுக்கு பரேடு என்றதும் இசைக்குழுவின் தாளத்துக்கேற்பக் கால்கள் ஒன்றாக எழுந்து விழும் காட்சிதான் நினைவுக்கு வரும். எங்களுக்கோ, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், குறித்த உடையில் வரிசையாக நின்று மேலதிகாரியின் பார்வைக்கு உட்படுவதே பரேடு. அதன் பிறகு நடப்பதும் நடவாததும் அன்றைய தேவையைப் பொறுத்தது. உடல்நலமில்லை என்று சொல்பவர்கள் காலையில் ஒன்றாக நின்று, பெயரைப் பதிவு செய்துகொண்டு, மருத்துவ அதிகாரியின் முன் செல்வதுதான் சிக் பரேடு. அதேபோல, சம்பளம் கையில் ரொக்கமாகக் கொடுக்கப்பட்ட காலத்தில், மேசைக்குப் பின்னால் அதிகாரி அமர்ந்திருக்க, ஒவ்வொருவராகச் சென்று சல்யூட் அடித்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டு திரும்புவதற்குப் பே பரேடு என்று பெயர். இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் விடுப்பில் இருக்கிறார்கள் என்று தினமும் எழுதித் தரப்படும் தாளை எங்கள் படைப்பிரிவுகளில் பரேடு ஸ்டேட் என்பார்கள். அந்தத் தாளுக்கும் நடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டுப் படைகளிலும் தேசிய மாணவர் படையிலும் கட்டளைகள் இந்தியில் இருக்கும். ‘பரேட், சாவ்தான்’ என்று கட்டளையிடும்போது, பரேட் என்பது அங்கே நிற்கும் ஆட்களையே விளித்துக் கூப்பிடும் சொல்லாகிறது. நடந்து வருபவர்களை நிறுத்துவதற்கு ‘பரேட், தம்’ என்பார்கள். நின்ற பிறகும் அது பரேடுதான். ‘விசர்ஜன்’ என்ற கட்டளைக்குப் பிறகே அது கலைகிறது. தலைமை விருந்தினரைக் கடந்து நடந்து செல்லும் பகுதிக்கு மார்ச் பாஸ்ட் என்று தனிப் பெயரே உண்டு.

குடியரசு நாள் பரேடு இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு காரணம் என்பது என் எண்ணம். 1950 ஜனவரி 26 அன்று முதலாவது பரேடு, இப்போது மேஜர் தியான்சந்த் தேசிய விளையாட்டரங்கம் எனப்படும் இர்வின் அரங்கில்தான் நடைபெற்றது. 1955 முதல் ராஜபாதை அதன் நிலையான இடமாயிற்று. அந்தச் சாலைக்கு 2022இல் கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாற்றப்பட்டது. திடலில் நின்று மரியாதை செலுத்துவதைக் காட்டிலும், நீண்ட சாலையில் படைகளும் மாநிலங்களின் அலங்கார ஊர்திகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போவதையே தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு, பரேடு என்றால் ஊர்வலம் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

சிக் பரேடுக்கு ‘நோயுற்றோர் ஆஜர்’ என்று எழுதலாம். தமிழ்நாட்டுக் காவல்துறையில் வாரந்தோறும் நடக்கும் பரேடைக் கவாத்து என்கிறார்கள். விதிகள் எனப் பொருள்படும் அரபுச் சொல் உருது வழியாக இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. பயிற்சி பரேடு வரும் இடங்களில் அச்சொல்லைத் தயங்காமல் எடுத்தாளலாம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து என்றால் செடியை வெட்டிச் சீர்செய்வது என்பதால், அப்பகுதி வாசகர்கள் ஒரு கணம் திகைக்கக்கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பதில் 2: வழக்கறிஞர், மதுரை

சுபேதார் ஐயா கூறியதை என் துறையும் உறுதிப்படுத்துகிறது. அடையாள அணிவகுப்பு என்ற தொடர் நம் நீதிமன்றத் தமிழில் நிலைபெற்றுவிட்டது. ஆகவே தங்கள் மூன்றாவது வாக்கியத்தில் அணிவகுப்பு என்றே எழுதலாம், அது இராணுவ முகாமாக இருந்தாலும் வாசகருக்குப் புரியும். ஆனால் அங்கே யாரும் நடப்பதில்லை. சந்தேகத்துக்குரியவர், தோற்றத்திலும் வயதிலும் அவரை ஒத்த, வழக்கோடு தொடர்பில்லாத பலருக்கு நடுவே வரிசையில் நிற்கிறார். சாட்சி வந்து பார்த்து, தான் கண்டவர் இவர்தாமா என்று சொல்கிறார். நம் மாநிலத்தில் இதை நடத்துபவர் நீதித்துறை நடுவர். பெரும்பாலும் சிறை வளாகத்துக்குள் நடக்கும். வரிசையில் எந்த இடத்தில் நிற்பது என்பதைச் சந்தேகத்துக்குரியவரே தேர்ந்துகொள்ளவும், ஒரு சாட்சி போய் அடுத்தவர் வருவதற்குள் இடம் மாறிக்கொள்ளவும் அனுமதிக்கப்படுவது வழக்கம். கைது செய்யப்பட்டவர்களைக் காவல்துறையினர் முகத்தை மூடி அழைத்து வருவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அணிவகுப்புக்கு முன்னர் சாட்சி அவர்களைப் பார்த்துவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்பதே அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இப்படி ஒருவர் அடையாளம் காட்டுவது மட்டுமே தனித்து நிற்கும் சான்றாகாது. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்று அடையாளம் காட்டுவதே உண்மையான சாட்சியம். முன்னர் நடந்த அணிவகுப்பு அதற்கு வலுவூட்டும், அவ்வளவே. பழைய சாட்சியச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் வந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 7ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அந்தப் பிரிவின் வாசகத்தில் பரேடு என்ற சொல் இல்லை. அது தீர்ப்புகளிலும் காவல்துறை வழக்கிலும் புழங்கும் சொல்.

களவு போன நகைகளுக்கும் இதே நடைமுறை உண்டு. மீட்கப்பட்ட சங்கிலியை அதே போன்ற வேறு சங்கிலிகளோடு கலந்து வைத்து, உரிமையாளரை எடுத்துக்காட்டச் சொல்வார்கள். அதற்கும் அடையாள அணிவகுப்பு என்றே பெயர். பரேடில் நடை கட்டாயமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தங்கள் நூல் பிரிட்டனைப் பற்றியது என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அடால்ஃப் பெக் என்பவர், செய்யாத மோசடிக்காக 1896இல் லண்டனில் தண்டிக்கப்பட்டதும், 1904இல் மீண்டும் குற்றவாளி என முடிவு செய்யப்பட்டதும், பல பெண்கள் அவரைத் தவறாக அடையாளம் காட்டியதால்தான். அவ்வழக்கு எழுப்பிய கொந்தளிப்பு 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவாவதற்கு ஒரு காரணமாயிற்று. இன்று அந்நாட்டு விதிகளின்படி சந்தேகத்துக்குரியவரோடு குறைந்தது எட்டுப் பேர் நிற்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் காணொளியாகவே காட்டுகிறார்கள். அமெரிக்கர்கள் இதற்கு பரேடு என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை, லைன்அப் என்பார்கள்.

பதில் 3: தேம்ஸ்கரைத் தமிழச்சி

தாயார் ரொட்டி வாங்கிய பரேடு என்பது கடைத்தெருதான், ஆனால் நம்மூர்க் கடைவீதியைப் போல நீண்டதன்று. குடியிருப்புப் பகுதியில், தரைத்தளத்தில் ஐந்தாறு கடைகளும் மேல்தளத்தில் வீடுகளுமாக ஒரே கட்டட வரிசையாக அமைந்திருப்பதை இங்கே இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரயில் நிலையத்தை ஒட்டியிருந்தால் ஸ்டேஷன் பரேடு என்ற பெயர்ப்பலகையைப் பல புறநகர்களில் காணலாம். ‘கடை வரிசை’ என்று எழுதினால் போதும்.

இதற்கு முந்தைய பொருள் உலாவும் இடம் என்பது. பாத் நகரில் 1740களில் மூத்த ஜான் வுட் அமைத்த நார்த் பரேடும் சவுத் பரேடும், வசதி படைத்தோர் நல்ல உடையணிந்து உலாவுவதற்கும், பிறரைப் பார்ப்பதற்கும், பிறரால் பார்க்கப்படுவதற்கும் கல் பாவி உயர்த்திக் கட்டப்பட்டவை. பிரைட்டனின் மரீன் பரேடு கடலோரச் சாலை. ஆக்ஸ்ஃபோர்டிலும் இதே இரு பெயர்களில் தெருக்கள் உண்டு. ஆனால் அங்கே நார்த் பரேடு, சவுத் பரேடுக்குத் தெற்கே இருக்கிறது. வழி கேட்டுச் செல்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.

லண்டனில் அரசரின் பிறந்தநாள் படைச் சடங்கு நடைபெறும் ஹார்ஸ் கார்ட்ஸ் பரேடு என்பது நிகழ்ச்சியின் பெயரன்று, திடலின் பெயர். 2012 ஒலிம்பிக்கில் கடற்கரைக் கைப்பந்துப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. பெங்களூருவின் மகாத்மா காந்தி சாலைக்கும், 1948இல் பெயர் மாறும்வரை, சவுத் பரேடு என்றே பெயர். படைத்திடலின் தென்விளிம்பில் அமைந்ததால் வந்த பெயர் அது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு மரீன் பரேட் ஒரு குடியிருப்புப் பேட்டை. ஆகஸ்ட் 9ஆம் நாள் நடப்பதோ தேசிய தின அணிவகுப்பு. ஒரே சொல் அவ்வூரில் இடத்துக்கும் நிகழ்ச்சிக்கும் வழங்குகிறது.

கேட்டவர்: கொங்கு வாசகன்

மூவருக்கும் நன்றி. லத்தீன் அறிவு மட்டும் இன்னும் பாக்கியிருக்கிறது. நிற்பதும் உலாவுவதும் கடை வரிசையும் ஓரளவு ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. தற்பெருமை எப்படி இதில் வந்து சேர்ந்தது?

பதில் 4: வேர்ச்சொல் ஆர்வலர்

தற்பெருமை பிறகு வந்து சேரவில்லை, ஏறத்தாழத் தொடக்கத்திலிருந்தே அச்சொல்லோடு இருக்கிறது. ஆயத்தப்படுத்துதல் எனப் பொருள்படும் ‘பராரே’ என்ற லத்தீன் வினையே மூலம். ஒழுங்குபடுத்தி, அலங்கரித்து, பிறர் காணும்படி வைத்தல் என்ற பொருளோடு பிரெஞ்சில் உருவான ‘பரேட்’, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்குள் வந்தது. படையினரைப் பார்வைக்கு நிறுத்துவதும், தன்னிடம் இருப்பதைப் பார்வைக்கு வைப்பதும் அதன் இரு பயன்கள். அதே லத்தீன் வினை ஸ்பானிய மொழியில் நிறுத்துதல் என்று பொருள் மாறியிருக்கிறது. அங்கே ‘பராதா’ என்பது பேருந்து நிறுத்தம். இத்தாலியத்தில் தடுத்தல் என்ற பொருளும் பெற்றது. வெயிலைத் தடுக்கும் பாரசோலும், வீழ்ச்சியைத் தடுக்கும் பாராசூட்டும் அவ்வழி வந்தவை. வாட்போரில் எதிரியின் வீச்சைத் தடுப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் பரேட் என்றே சொல்கிறார்கள்.

எனினும் சுபேதார் ஐயாவின் கருத்தை முழுவதுமாக ஏற்க இயலவில்லை. படைக்கு வெளியே, குறிப்பாக அமெரிக்காவில், தெருவில் நகர்ந்து செல்வதே பரேடின் முதற்பொருளாகிவிட்டது. நியூயார்க்கில் 1924 முதல் நன்றி நவிலல் நாளில் மேசிஸ் பல்பொருள் அங்காடி நடத்தும் பரேடில் யாரும் யாரையும் ஆய்வு செய்வதில்லை. தெருவோரம் நின்று பார்க்கக் கூட்டம் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கூட்டம்தான் பரேடை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. இறுதி ஊர்வலத்தையோ தேர்ப்பவனியையோ ஆங்கிலத்தில் பரேடு என்று சொல்லமாட்டார்கள். அவை பார்வையாளர் இல்லாவிட்டாலும் நடந்தேறும். கோரிக்கையோடு செல்லும் பேரணியும் அப்படியே.

அந்த ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்ற பொருளிலிருந்தே ஹிட் பரேடு வந்தது. 1930களில் அமெரிக்க வானொலி, மக்கள் விரும்பிய பாடல்களை வரிசைப்படுத்தி ஒலிபரப்பியபோது பரவிய தொடர் அது. ‘சாட்சிகளின் பரேடு’, ‘சாக்குப்போக்குகளின் பரேடு’ என்று வந்தால் அடுக்கடுக்காக, வரிசையாக என்று எழுதுங்கள்; அத்தொடர்களில் சற்றே எள்ளலும் உண்டு.

தங்கள் இளைஞனைப் பொறுத்தவரை, ‘தன் லத்தீன் புலமையைக் கடைபரப்பினான்’ என்று எழுதலாம். தாயாரின் பரேடு கடை வரிசையாகவே இருக்க, மகனின் தோழனும் கடைபரப்புவதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

கேட்டவர்: கொங்கு வாசகன்

கடைபரப்பினான் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சுபேதார் ஐயாவிடம் கடைசியாக ஒன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் ‘சர்ச் பரேடு’ வருகிறது. அதையும் ஆஜர் என்றே எழுதலாமா?

பதில் 5: ஓய்வுபெற்ற சுபேதார்

வேண்டாம். அதில் நிற்பதும் உண்டு, நடையும் உண்டு. முகாமில் வரிசையாக நின்று, பொத்தானும் பூட்ஸும் பளபளப்பாக இருக்கின்றனவா என்ற சோதனை முடிந்த பிறகு, படைப்பிரிவு முழுவதும் அணியாக நடந்து தேவாலயத்துக்குச் செல்லும். வழிபாடு முடிந்ததும் அதேபோலத் திரும்பும். ‘தேவாலய அணிவகுப்பு’ என்றே எழுதுங்கள். அவர் அதைப் பற்றிச் சலித்துக்கொண்டு எழுதியிருந்தால், சலிப்பு பெரும்பாலும் வழிபாட்டின் மீதன்று, அதற்கு முந்தைய பூட்ஸ் சோதனையின் மீது என்று கொள்ளலாம்.