கடக்நாத் கலப்பு: பெட்டை கருப்பு, சேவல் வெளுப்பு ஏன்?

கேள்வி:
கடக்நாத் (தோல், கறி எல்லாம் கருப்பான கருங்கோழி) சேவலை மஞ்சள் கால் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளோடு சேர்த்ததில் 14 குஞ்சு தேறியிருக்கு. பெட்டைக் குஞ்சுகளுக்குத் தோல், கால், வாய்க்குள் எல்லாம் கருப்பு. சேவல் குஞ்சுகளுக்குக் கால் வெளிர், கொண்டை சிவப்பு. சிலதுக்கு றெக்கையில வெள்ளை இறகு வருது. தாய்க்கோழிகளின் காலும் மஞ்சக்கருவும் வெளுத்திருக்கு. தீவனம் அரிசி நொய், தவிடு, கடலைப் புண்ணாக்கு. கருஞ்சீரகம் கொடுத்தா சேவல் கருக்குமா?

பதில் 1:
கருக்காதுங்க. கடக்நாத்தின் கருமை பரம்பரையா வர்றது. அந்த மரபணு ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும். ஆனா அதை அடக்கும் இன்னொரு மரபணு இசட் குரோமோசோமில் (சேவலா பெட்டையான்னு தீர்மானிக்கிற மரபு இழையில்) இருக்கு, வெளிர் கால் நாட்டுக்கோழிகளிடம் அது உண்டு. சேவலுக்கு ரெண்டு இசட், பெட்டைக்கு ஒண்ணுதான். பெட்டைக் குஞ்சு தன் ஒரே இசட்டை அப்பனிடமிருந்து வாங்குது, அதில் அடக்கி இல்லை. சேவல் குஞ்சுக்குத் தாயின் இசட்டும் சேருது, அதான் வெளுப்பு. திருப்பிப் போட்டு, மஞ்சள் கால் சேவலையும் கடக்நாத் பெட்டையையும் சேர்த்தா சேவல் குஞ்சு, பெட்டைக் குஞ்சு ரெண்டுமே வெளுக்கும்.

இந்தக் கருப்புப் பெட்டைகளை வேறு வழி வந்த சுத்தக் கடக்நாத் சேவலோடு விடுங்க, குஞ்சு அத்தனையும் கருக்கும். அப்பனோடவே திரும்ப விட வேண்டாம், பொரிப்பு குறையும்.

பதில் 2:
வெள்ளை இறகுக்கு முதல் சந்தேகம் தீவனம்தான். கடலைப் புண்ணாக்கில் லைசின் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு, நொய்யிலும் குறைவு. அது போதாத குஞ்சுக்கு வளரும் இறகில் கருமை ஏறாது. புண்ணாக்கில் பாதியை சோயாவா மாத்துங்க. 100 கிலோவுக்கு 5 கிலோ மீன் தூள் சேருங்க. உப்புக் கருவாட்டுத் தூள் கூடவே கூடாது, குஞ்சு செத்துரும்.

வந்துவிட்ட இறகு மாறாது. குருத்தில் ரத்தம் ஓடும்போது ஏறின நிறம்தான் அடுத்த இறகுதிர்ப்பு வரை. புது இறகும் வெள்ளையாவே வந்தா அது பரம்பரை.

பதில் 3:
கால் மஞ்சளுக்கு ரெண்டும் வேணும். மஞ்சள் தோல் மரபணு தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் வரணும். தீவனத்தில் மஞ்சள் நிறமியும் இருக்கணும். (அந்த மரபணு நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததுன்னு 2008 ஆய்வு காட்டியது.) மஞ்சக்கரு நல்ல நிறமா இருந்தும் கால் வெள்ளைன்னா ஒண்ணு மரபு, இல்லேன்னா நிறமி முழுக்க முட்டைக்குப் போகுது. உங்களுக்கு ரெண்டுமே வெளுப்பு, அதனால தீவனக் குறை. நொய்யில் நிறமியே கிடையாது. பாதிக்குப் பாதி மஞ்சள் மக்காச்சோளம் போடுங்க, தினமும் முருங்கைக்கீரை கட்டி விடுங்க. பத்துப் பன்னிரண்டு நாளில் கரு மாறும். கால் மஞ்சளாக முட்டை ஓய்ஞ்சு சில வாரம் ஆகும்.